தனியாகப் படிப்பவரைக் கேள்வி கேட்பது யார்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வீட்டில் இருந்தபடி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறீர்கள். கோச்சிங் சென்டருக்குப் போக வசதி இல்லை. அங்கன்வாடிக்குப் போகும் வயதில் ஒரு பிள்ளை. கூடப் படிக்கத் தோழிகளும் இல்லை. டைம்டேபிள் போட்டால் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடுகிறது, அப்புறம் ஒரு நாள் விட்டுப்போகிறது, அந்த ஒரு நாள் பத்து நாளாகிறது. பிறகு குற்ற உணர்ச்சி, அதைப் போக்க யூடியூபில் ஊக்கப் பேச்சு, அதைக் கேட்டதும் ஒரு வேகம், மறுபடி புதிய டைம்டேபிள். “எனக்கு நானே மோட்டிவேஷன் கொடுத்துக்கொண்டு, எனக்கு நானே வாத்தியாராகவும் இருக்க முடியுமா, இல்லை இது என்னால் ஆகாத காரியமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஆசை வற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது ஒன்று. படிக்காவிட்டால் ‘ஏன் படிக்கவில்லை’ என்று கேட்க யாரும் இல்லாத வீட்டில், அந்தக் கேள்வியைக் கேட்டு நேர்மையான பதிலையும் வாங்குவது எப்படி என்பது இன்னொன்று. நீங்கள் முதல் கேள்வியைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பட்டவரை உங்கள் சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். உளவியலில் முதுகலை படித்தவன். பல வருடங்களாக வார இறுதிகளில், ஒரு நூலகத்தை ஒட்டி நடக்கும் இலவசப் பயிற்சி வட்டத்தில் மாதிரித் தேர்வு நடத்துவதும் விடைத்தாள் பார்ப்பதும் எழுதியவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் என் வேலை. மனநல மருத்துவர் கிடையாது. அப்புறம், என்னிடம் வருகிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு கட்டத்தில் தனியாக முடியாமல் போய் வந்தவர்கள். யாருடைய உதவியும் இல்லாமல் வீட்டிலேயே படித்து வேலைக்குப் போய்விட்டவர் என்னைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. அதனால் தனியாகப் படிப்பது பற்றி என் மனதில் இருக்கும் படம் நிஜத்தைவிடச் சற்று இருட்டாக இருக்க வாய்ப்புண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஆசை. ஆசை இல்லாத மனிதர் இத்தனை முறை டைம்டேபிள் போடமாட்டார். விழுந்த பிறகும் திரும்பத் திரும்ப எழுந்து உட்காருகிறீர்கள் என்றால் உங்களிடம் அது போதுமான அளவு இருக்கிறது. குறைவது காலை பத்தரை மணிக்கு, பாத்திரம் கழுவி முடித்து, புத்தகத்தை எடுக்க வேண்டிய அந்த நிமிடத்தில் வர வேண்டிய உற்சாகம். அது எல்லாருக்கும் குறையும், தேர்வில் முதல் பத்து இடத்துக்குள் வருபவருக்கும் குறையும். ஊக்கப் பேச்சு கேட்கும்போது வரும் வேகம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பேச்சு முடிந்த பிறகு எவ்வளவு நேரம் தங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். அதைவிடப் பெரிய கோளாறு, அதைக் கேட்ட முக்கால் மணி நேரமும் ‘படிப்புக்காகச் செலவழித்த நேரம்’ என்று மனதுக்குள் பதிவாகிவிடுவது.

மன உறுதி ஒரு பாத்திரத்துத் தண்ணீர் மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்று பல வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். இதன் வேர் 1998-ல் ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு. எதிரே சாக்லேட் பிஸ்கட் மணக்க, அதைத் தொடாமல் முள்ளங்கி மட்டும் தின்னச் சொல்லப்பட்டவர்கள், அடுத்துக் கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள் என்பது அதில் ஒரு சோதனை. வெகுகாலம் இது நிலைத்த உண்மையாகப் பாடப்புத்தகத்தில் இருந்தது. 2016-ல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அந்தக் கருத்தை மறுபடி சோதித்தபோது, விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆகவே ‘என் மன உறுதி தீர்ந்துவிட்டது’ என்பதை ஒரு மருத்துவச் சான்றிதழ் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சமயம் தூக்கக் குறைவும் களைப்பும் நிஜம். இரவெல்லாம் பிள்ளைக்குச் சளி என்று விழித்திருந்தவருக்கு மறுநாள் படிப்பு ஏறாது. அது ஒழுக்கக் குறைவு ஆகாது.

21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பது அடுத்த புரளி. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் ஒரு புத்தகத்தில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று எழுதினார். ‘குறைந்தது’, ‘சுமார்’ இரண்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன. லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 84 நாள் பின்தொடர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. அந்த 254 நேரில் பார்த்த எண் கிடையாது, 84 நாள் தரவை வைத்துக் கணக்குப் போட்டு நீட்டியது. தவிர, 96 பேரில் பாதிக்கும் குறைவானவர்களின் தரவுதான் அந்தக் கணக்குக்கு நன்றாகப் பொருந்தியது. ஆகவே 66-ஐயும் பிடித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆய்விலிருந்து நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய விஷயம் வேறு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

அதோடு, அவர்கள் பார்த்ததெல்லாம் தண்ணீர் குடிப்பது, பழம் தின்பது, உடற்பயிற்சி செய்வது போன்றவை. என் அனுபவத்தில் உட்காருவது பழக்கமாகும், படிப்பது ஆகாது. குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட இடத்தில் போய் உட்கார்ந்து நோட்டைத் திறப்பது வரைக்கும் உடம்பு தானாகச் செய்யப் பழகிவிடும். அதற்குப் பிறகு இலக்கணக் குறிப்பை மனதில் ஏற்றுவது என்றைக்கும் தானாக நடக்காது, ஒவ்வொரு நாளும் முயற்சி வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள்தான் மூன்று மாதம் கழித்தும் படிப்பு சுலபமாகவில்லையே, நமக்கு லாயக்கு இல்லையோ என்று நினைக்கிறார்கள்.

உட்காருவதைப் பழக்கமாக்க உறுதியான ஆதாரம் உள்ள ஒரு வழி இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைப் பல காலம் ஆராய்ந்திருக்கிறார். ‘நாளை மூன்று மணி நேரம் படிப்பேன்’ என்று முடிவெடுப்பதற்குப் பதிலாக, ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுவது. 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், இப்படித் திட்டமிட்டவர்கள் எண்ணத்தோடு நின்றவர்களைவிடத் தெளிவாக அதிகம் சாதித்திருந்தார்கள். உங்கள் வீட்டுக்கு மாற்றிச் சொன்னால்: பிள்ளையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்து செருப்பைக் கழற்றியதும், பின் அறையில் உட்கார்ந்து, தேர்வுக்காகப் படிக்கும் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் நேற்று நிறுத்திய பக்கத்தைத் திறப்பேன். கடிகார நேரம் வேண்டாம். வீட்டில் கடிகாரப்படி எதுவும் நடப்பதில்லை, ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு வருவது தினமும் நடக்கும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். உட்கார்ந்த பிறகு ‘இன்றைக்கு எதைப் படிக்கலாம்’ என்று யோசிக்க ஆரம்பித்தால் அந்த இடைவெளியில் போன் கைக்கு வந்துவிடும்.

இதே முடிச்சைத் தடங்கலுக்கும் போடலாம், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விருந்தாளி வந்துவிட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள்? ‘அன்றைக்கு விட்டுவிடுவேன்’ என்பதற்குப் பதிலாக, ‘அன்றைக்குப் பழைய வினாத்தாளில் பத்துக் கேள்வி மட்டும்’ என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். பத்துக் கேள்வியால் மதிப்பெண் ஏறிவிடாது. மறுநாள் உட்காரும்போது ‘நேற்று விட்டுப்போச்சு’ என்ற எண்ணத்தோடு உட்கார வேண்டியிருக்காது, அவ்வளவுதான் அதன் பயன்.

சரி, கண்காணிப்புக்கு வருவோம். உங்கள் நோட்டில் தினமும் எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. மணிக்கணக்கு நீங்கள் உட்கார்ந்திருந்ததை மட்டும் காட்டும். இன்னும் மோசம், படித்தோம் என்ற திருப்தியைக் கொடுத்துவிடும். ஒருவர் தன்னைத் தானே மதிப்பிடும்போது எங்கே ஏமாறுகிறார் என்பதற்கு, ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட சோதனையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரு பகுதியைச் சில மாணவர்கள் நான்கு முறை படித்தார்கள். வேறு சிலர் ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னால். அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: நான்கு முறை படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் உங்களுக்கான விஷயம், ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள் என்பது. இந்த முடிவை அதற்குப் பிறகு பலர் பலவிதமாகச் சோதித்தும் அடிப்படை மாறவில்லை.

எனவே வாத்தியார் பொறுப்பையும் நீங்களே ஏற்கிறீர்கள் என்றால், ‘புரிந்தது’, ‘நன்றாகப் போனது’ என்ற உங்கள் வாக்குமூலத்தை அந்த வாத்தியார் ஏற்கக் கூடாது. கல்லாவில் உட்காருபவரே வரவு செலவும் எழுதும் கடையில், ராத்திரி பெட்டியில் இருக்கும் பணத்தை எண்ணித்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்த எண்ணிக்கை, புத்தகம் மூடியிருக்கும்போது எழுத முடிந்த விடைகள்தான். தினமும் படிப்பின் கடைசிப் பத்து நிமிடம், அன்று படித்ததிலிருந்து நினைவில் உள்ளதை வெள்ளைத் தாளில் எழுதுங்கள். மறுநாள் தொடங்கும்போது அதே பாடத்தில் ஐந்து கேள்வி. வாரம் ஒருமுறை பழைய வினாத்தாளிலிருந்து ஐம்பது கேள்வி, ஐம்பது நிமிடத்துக்கும் குறைவாக.

மாதிரித் தேர்வை வீட்டில் எழுதும்போது நடக்கும் ஒரு திருட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் விடைத்தாள் பார்க்கும்போது அதிகம் கவனிப்பது இதைத்தான். குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100 கேள்வி. அதில் 150-க்குக் குறைந்தது 60 எடுத்தால்தான் மீதியைத் திருத்துவார்கள். மீதியில் பொது அறிவு 75, திறனறிவு 25. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. அதனால் தேர்வு அறையில் எல்லாரும் தெரியாததற்கும் ஏதோ ஒன்றை நிரப்பிவிடுகிறார்கள், அது நியாயமான உத்தி. ஆனால் வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதும் அப்படி நிரப்பி, வந்த மொத்தத்தை ‘என் மார்க்’ என்று நோட்டில் எழுதுகிறார்கள். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே நாலில் ஒன்று சரியாகும். 80 கேள்விக்குக் குருட்டாம்போக்கில் போட்டவருக்குச் சராசரியாக 20 சரியாக விழும், அதாவது 30 மதிப்பெண். ஒரு வாரம் அதிர்ஷ்டம் 28-ஐச் சரியாக்கும், முன்னேறிவிட்டோம் என்று ஒரு துள்ளல். அடுத்த வாரம் 14, உடனே சோர்வு. படிப்பில் எதுவும் மாறியிருக்காது.

ஆகவே வீட்டில் எழுதும்போது, விடை போடுவதற்கு முன் ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் ஒரு குறி: உறுதியாகத் தெரியும் என்றால் ஒரு கோடு, இரண்டில் ஒன்று என்று குழப்பம் என்றால் புள்ளி, சுத்தமாகத் தெரியாது என்றால் பெருக்கல் குறி. திருத்திய பிறகு கோடு போட்டவற்றில் எத்தனை சரி என்பதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். கோடு போட்டும் தவறாகப் போனவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம்தான் உங்கள் உண்மையான வாத்தியார். தெரியாததை விட்டுவிடலாம், பிறகு படித்துக்கொள்ளலாம். தெரியும் என்று நம்பித் தவறாக வைத்திருப்பதை யாராவது சொல்லாமல் நீங்கள் ஒருநாளும் திரும்பப் படிக்கப்போவதில்லை, ஏனென்றால் அதுதான் ‘முடித்த பாடம்’ ஆயிற்றே.

எழுதிவைப்பது பற்றியும் ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்கினும் மற்றவர்களும் 2016-ல் 138 ஆய்வுகளை, ஏறத்தாழ 20,000 பேரின் தரவை, தொகுத்தார்கள். தன் முன்னேற்றத்தை அடிக்கடி சரிபார்ப்பவர்கள் இலக்கை எட்டுவது கூடுகிறது. அதைத் தாளில் பதிவு செய்தாலோ மற்றவர் பார்க்க வைத்தாலோ இன்னும் கூடுகிறது என்பது அதன் முடிவு. எல்லாம் பெரும்பாலும் உடல் எடை, உணவு, உடற்பயிற்சி மாதிரியான இலக்குகள். போட்டித் தேர்வுக்கு அதே அளவில் பொருந்துமா என்றால் அப்படியே எடுத்துவைக்க மாட்டேன், ஆனால் திசை சரி. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 1953-ல் யேல் பல்கலைக்கழக மாணவர்களில் இலக்கை எழுதிவைத்த 3 சதவீதம் பேர் மற்ற எல்லாரையும்விடப் பணக்காரர் ஆனார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. இலக்கை அழகாக எழுதிச் சுவரில் ஒட்டுவதற்கு நான் எந்த மதிப்பும் தரமாட்டேன். வாராவாரம் வந்த எண்ணை எழுதுவதற்குத்தான் மதிப்பு.

அந்த எண்ணைப் பார்க்க ஒரு நேரம் ஒதுக்குங்கள், ஞாயிறு இரவு என்று வைத்துக்கொள்வோம். டைம்டேபிளை மாற்றும் அதிகாரம் அந்த நேரத்துக்கு மட்டும்தான். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ‘இந்தப் பிளான் சரியில்லை, வேறு போடலாம்’ என்று தோன்றினால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு அன்றைய பக்கத்துக்குத் திரும்புங்கள். செவ்வாய்க்கிழமை தோன்றும் அந்த யோசனைகளில் பாதிக்கு மேல், படிக்கப் பிடிக்காதபோது வரும் யோசனைகள் என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

காலக்கெடு பற்றி. தேர்வாணையம் ஆண்டுத் திட்ட அட்டவணையில் தேர்வுத் தேதியைச் சொல்லிவிடுகிறது, ஆனால் அது தொலைவில் இருக்கிறது. டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்ப்ரோக்கும் 2002-ல் வெளியிட்ட ஒரு சோதனையில் மூன்று பிழைதிருத்த வேலைகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சம இடைவெளியில் கெடு விதிக்கப்பட்டவர்கள் அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள், தாங்களே கெடு வைத்துக்கொண்டவர்கள் நடுவில், எல்லாவற்றையும் கடைசியில் கொடுத்தால் போதும் என்று விடப்பட்டவர்கள் கடைசியில். சின்ன ஆய்வு, அதை மலைபோல நம்ப வேண்டாம். ஆனால் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது: சொந்தக் கெடு இல்லாததைவிட எவ்வளவோ மேல், வெளியிலிருந்து வரும் கெடுவுக்கு ஈடாகாது. இன்னொன்று, நாம் போடும் கெடு எப்போதுமே குறைச்சலாக இருக்கும். கனடாவில் ரோஜர் பியூலர் குழுவினர் 1994-ல், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 34 நாள், உண்மையில் ஆனது 55. அவர்களுக்குப் பிள்ளை வளர்க்கும் வேலையும் அநேகமாக இருந்திருக்காது. நீங்கள் வாரத்தில் ஐந்து நாளுக்கு மட்டும் பாடம் ஒதுக்குங்கள். மீதி இரண்டு நாள் விட்டுப்போனதைப் பிடிக்கவும் மாதிரித் தேர்வுக்கும்.

விட்டுப்போன பிறகு என்ன செய்வது என்பதில்தான் உங்களைப் போன்றவர்கள் அதிகம் இழக்கிறார்கள். பத்து நாள் இடைவெளிக்குப் பிறகு எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: ஆறாம் வகுப்புத் தமிழ், முதல் இயலிலிருந்து மறுபடியும். இப்படி மூன்று நான்கு முறை நடந்தவர்களின் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் புத்தகம் கிழிந்து, பென்சில், பேனா, ஹைலைட்டர் என எல்லா வண்ணமும் ஏறியிருக்கும். பத்தாம் வகுப்புப் புத்தகம் அச்சு வாசனையோடு இருக்கும். முதலிலிருந்து தொடங்குவது தண்டனை மாதிரியும் இருக்கிறது, சுகமாகவும் இருக்கிறது, தெரிந்த பாடம் என்பதால். விட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள், மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. மறந்ததை ஞாயிற்றுக்கிழமைக் கேள்விகள் காட்டிக்கொடுத்துவிடும்.

குற்ற உணர்ச்சி உங்களைத் திருத்தும் என்று நினைக்காதீர்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடந்த ஒரு ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். மைக்கேல் வோல், டிமோதி பிச்சில் ஆகியோர் 2010-ல் வெளியிட்டது. மன்னித்ததால்தான் அப்படி நடந்தது என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியாது, இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்று மட்டும் சொல்லலாம். ஆனால் திட்டு வாங்கும் இடத்துக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. உங்கள் நோட்டு உங்களைத் திட்டும் என்றால் நோட்டைத் திறக்காமல் இருந்துவிடுவீர்கள். அதில் எண்கள் மட்டும் இருக்கட்டும். ‘சோம்பேறி’, ‘உருப்படாதவள்’ போன்ற குறிப்புகள் வேண்டாம். பலரின் நோட்டில் அவற்றைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

சொந்தக்காரர்களிடமும் வாட்ஸாப் ஸ்டேட்டஸிலும் ‘இந்த முறை பாஸ் பண்ணியே தீருவேன்’ என்று அறிவித்துவிட்டால் வெட்கத்துக்காவது படிப்போமா என்று கேட்டிருந்தீர்கள். இதில் ஆதாரம் கலவையாக இருக்கிறது. நான் மேலே சொன்ன கோல்விட்சரே 2009-ல் வெளியிட்ட சில சோதனைகளில், ‘நான் இன்னாராக ஆகப்போகிறேன்’ என்ற எண்ணத்தை அடுத்தவர் தெரிந்துகொண்டதும், அதற்காக உழைப்பது குறைந்தது. பாதி வேலைக்குப் போய்விட்ட உணர்வு வந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். சிறிய சோதனைகள்தான். மறுபக்கம், ஹார்கின் தொகுப்பு மற்றவர் பார்க்க வைப்பது உதவும் என்கிறது. இரண்டையும் சேர்த்து நான் வைத்திருக்கும் வழக்கம்: இலக்கை ஊருக்குச் சொல்லாதீர்கள், வாராந்திர எண்ணை ஒரே ஒரு ஆளுக்குக் காட்டுங்கள். அந்த ஆளுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணவரோ தம்பியோ, ஞாயிறு இரவு ‘இந்த வாரம் எத்தனை?’ என்று கேட்டுவிட்டு ‘சரி’ என்று சொல்லக்கூடியவர் போதும். ‘அவ பாரு, முதல் அட்டெம்ப்ட்லயே கிளியர் பண்ணிட்டா’ என்று தொடங்குபவர் வேண்டவே வேண்டாம்.

இது தன்னையே நம்புவது ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். மாதிரித் தேர்வின் விடைக்குறிப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்து, எழுதி முடித்த பிறகே போய் வாங்குவதும், படிக்கும் நேரத்தில் போனை மாமியாரின் அறையில் வைப்பதும், மாதம் இரண்டு நாளாவது மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் உட்காருவதும் நீங்களே உங்களுக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடுகள்தான். யாரும் கேட்காமல் இந்த ஏற்பாட்டைச் செய்பவர் தன் காலில்தான் நிற்கிறார். எந்த ஏற்பாடும் இல்லாமல், வெறும் மனதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் தாக்குப்பிடித்த ஆட்கள் இருக்கலாம். நான் பார்த்தவரை, அப்படித் தெரிந்தவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினால் ஏதோ ஒரு ஏற்பாடு வெளியே வரும்.

இரண்டு விஷயத்தில் நான் எழுதியது எதுவும் உதவாது. வீட்டு வேலையும் பிள்ளையும் போக உங்களுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், அது நேரப் பிரச்சினை. அதற்குத் தீர்வு வீட்டில் உள்ளவர்களோடு பேசி இன்னொரு மணி நேரம் வாங்குவது; சுய ஒழுக்கத்தைக் கூட்டி அதை ஈடுகட்ட முடியாது. அடுத்து, படிப்பில் மட்டுமின்றி முன்பு பிடித்திருந்த எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருக்கிறது என்றால், மோட்டிவேஷன் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, அரைகுறைத் தயாரிப்போடு இந்த முறை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்ததும், விடைக்குறிப்பு எதையும் பார்க்காமல், எவ்வளவு மதிப்பெண் வரும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை, தமிழுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனியாக எழுதி, தேதி போட்டு வையுங்கள். முடிவு வந்ததும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் பத்துப் பதினைந்து மதிப்பெண்தான் வித்தியாசம் என்றால், மதிப்பெண் குறைவாகவே இருந்தாலும், உங்களை நீங்களே எடைபோடத் தெரிந்துவிட்டது, அடுத்த முறையும் வீட்டிலேயே தொடரலாம். நாற்பது ஐம்பது தள்ளிப் போயிருந்தால், எங்காவது ஒரு டெஸ்ட் பேட்ச்சில் சேர்ந்துவிடுங்கள். வகுப்பு வேண்டாம், வாராவாரம் வேறு ஒருவர் திருத்திக் கொடுக்கும் தேர்வு மட்டும் போதும்.